உங்கள் வாசிப்புக்கு ஏற்ற கிட்டார் பிக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கிட்டார் கம்பியை மீட்டும் சிறு தகடான பிக்கை வாங்கும்போது பலரும் பார்ப்பது நிறத்தையும், தனக்குப் பிடித்த கலைஞர் எதை வைத்திருக்கிறார் என்பதையும்தான். இரண்டையும் வைத்து உங்கள் கைக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிக்க முடியாது. குயின் இசைக்குழுவின் பிரையன் மே பல பத்தாண்டுகளாகப் பழைய ஆறு பென்ஸ் நாணயத்தை வைத்து வாசிக்கிறார். கிட்டார் கலைஞர் எரிக் ஜான்சன் கையில் இருப்பது ஜாஸ் த்ரீ என்னும் சின்னஞ்சிறு நைலான் பிக். இருவரும் எலெக்ட்ரிக் கிட்டாரில் லீட் (தனி ஸ்வரங்களால் ஆன முன்னணி வரி) வாசிப்பவர்கள், இருவரும் அவரவர் டோனுக்காகவே, அதாவது ஒலியின் குணத்துக்காகவே, பேசப்படுபவர்கள், ஆனால் பிக் விஷயத்தில் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லை.

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். உங்கள் கை கொடுக்கும் விசையில் எவ்வளவு கம்பிக்குப் போக வேண்டும், எவ்வளவைப் பிக் தன் வளைவில் வாங்கிக்கொள்ள வேண்டும்? தடிமன், நுனி, பொருள், பிடி என்று நாம் பார்க்கப்போகும் எல்லாமே இந்தக் கேள்விக்கான பதிலை ஏதோ ஒரு வகையில் மாற்றுகின்றன. சரி, வரிசையாகப் போகலாம்.

படி 1: கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால் நீங்கள் வழக்கமாக வாசிக்கும் மூன்று நான்கு பாடல்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் உங்கள் வலது கை (இடது கைக்காரர் என்றால் இடது கை) பெரும்பாலான நேரம் என்ன செய்கிறது என்று பாருங்கள். கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக்கூட்டம்) பிடித்து ஆறு கம்பிகளையும் ஒரே வீச்சில் ஸ்ட்ரம் செய்கிறதா, ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தனித்தனி ஸ்வரங்களை எடுக்கிறதா, ஆர்பெஜியோவாகக் கார்டைப் பிரித்து வாசிக்கிறதா? "எல்லாமே வாசிப்பேன்" என்றுதான் நிறையப் பேர் சொல்வார்கள், ஆனால் நேரத்தை வைத்துப் பார்த்தால் ஏதாவது ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். அதற்குத்தான் முதல் பிக்.

அப்புறம் பிடியைப் பாருங்கள். பிக்கின் நுனி விரலுக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது? நிறைய நீட்டிப் பிடித்தால் அதே பிக் அதிகமாக வளையும், நுனியோடு ஒட்டிப் பிடித்தால் விறைப்பாக இருக்கும். பிடியைச் சற்று மாற்றினாலே ஒரு பிக்கின் குணம் கணிசமாக மாறிவிடுகிறது என்பதால், பிடி இன்னும் நிலைப்படாத புதியவர்கள் விதவிதமான பிக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. நடுத்தரத் தடிமனில் ஒன்றை எடுத்துச் சில மாதங்கள் அதிலேயே வாசிப்பது எவ்வளவோ மேல்.

படி 2: தடிமனை முடிவு செய்யுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். தடிமன் மில்லிமீட்டரில் குறிக்கப்படுகிறது, பெரும்பாலான பிக்கில் அந்த எண்ணே அச்சிடப்பட்டிருக்கும். மெல்லியது, நடுத்தரம், தடித்தது என்ற பெயர்களை நம்ப வேண்டாம். ஒரு நிறுவனம் நடுத்தரம் என்று சொல்வதை இன்னொரு நிறுவனம் தடித்தது என்று சொல்லலாம், எண்தான் நிலையானது. தோராயமாக 0.60 மி.மீ. வரை மெல்லியது, 0.60 முதல் 0.80 வரை நடுத்தரம், 0.80 முதல் 1.2 வரை தடித்தது, அதற்கு மேலே மிகத் தடித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மெல்லிய பிக் கம்பியில் பட்டதும் பின்னால் வளைந்து, வழுக்கிப் போய்விடுகிறது. அதனால் ஸ்ட்ரம் செய்யும்போது ஆறு கம்பிகளிலும் சத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் வரும், கை கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் கம்பி பிடித்து இழுக்காது, பிக் பட்டு எழுப்பும் அந்த மெல்லிய "சிக் சிக்" ஒலியே ஒரு தாளக் கருவி போலக் கூடச் சேர்ந்துகொள்ளும். அக்கூஸ்டிக் கிட்டாரோடு பாடுபவர்களுக்கு இது ஒரு வரம், ஏனென்றால் கிட்டார் குரலுக்குக் கீழேயே அடங்கியிருக்கும்.

ஆனால் இதே பிக்கால் ஒரு வேகமான லீட் வரியை வாசித்துப் பாருங்கள். கம்பியை அடித்துவிட்டுப் பிக் மறுபடி நிமிர ஒரு கணம் எடுத்துக்கொள்கிறது, அதற்குள் அடுத்த அப்ஸ்ட்ரோக் (மேல்நோக்கிய அடி) வந்துவிடுகிறது, கை சரியாகப் போனாலும் ஸ்வரங்கள் தெளிவில்லாமல் வருகின்றன. இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. மெல்லிய பிக்கில் நீங்கள் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஓர் அளவுக்கு மேல் சத்தம் கூடாது, கூடுதல் விசை முழுவதும் வளைவிலேயே போய்விடும். அதாவது மெதுவாக, பலமாக என்ற ஏற்ற இறக்கம் உங்கள் கையை விட்டுப் பிக்கின் கைக்குப் போய்விடுகிறது.

தடித்த பிக் இதற்கு நேர்மாறு. அது வளையாததால் நீங்கள் கொடுப்பது அப்படியே கம்பிக்குப் போகிறது. மெதுவாகத் தொட்டால் மெதுவாக, ஓங்கினால் ஓங்கி. அடிப்படை ஸ்வரம் கனமாக ஒலிக்கும், பிக் படும் சத்தம் குறையும், வேகத்தில் கட்டுப்பாடு இருக்கும். அதற்கான விலை, உங்கள் மணிக்கட்டு தளர்வாக இருந்தே ஆக வேண்டும். மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு 1.5 மி.மீ. பிக்கால் ஸ்ட்ரம் செய்தால் ஒவ்வொரு கம்பியிலும் தட்டித் தடுமாறும். மெல்லிய கம்பிகள் போட்ட எலெக்ட்ரிக் கிட்டாரில் தடித்த பிக்கால் பலமாக அடித்தால், அடித்த கணத்தில் ஸ்வரம் சற்றே மேலே எகிறிவிட்டு அப்புறம் சரியான இடத்துக்கு வரும். கவனித்துக் கேட்டால் தெரியும்.

என் கருத்தைக் கேட்டால், தொடங்குபவர்களுக்கு 0.60 இலிருந்து 0.73 வரை சரியாக இருக்கும். தனி ஸ்வரங்களை வாசிக்க ஆரம்பித்தபின் 0.88, பிறகு 1.0 என்று மேலே போகலாம். தொடக்கத்திலேயே ஆக மெல்லியதை எடுத்துவிட்டு வருடக்கணக்கில் அதிலேயே இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். சுலபமாக இருக்கிறது என்பதற்காக அதில் தங்கிவிடுகிறார்கள், கையின் ஏற்ற இறக்கம் மட்டும் வளரவே மாட்டேன் என்கிறது. ஸ்ட்ரம்மிங் மட்டுமே போதும் என்று தெளிவாக முடிவு செய்தவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. மற்றவர்கள் யோசிக்க வேண்டும்.

ஒரு வசதி: டன்லப் நிறுவனத்தின் டார்டெக்ஸ் வகையில் தடிமனுக்கு நிறம் ஒதுக்கியிருக்கிறார்கள். சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. ஒரே வடிவம், ஒரே பொருள், தடிமன் மட்டும் வேறு என்பதால் தடிமனின் விளைவைத் தனியாகக் கேட்டுப் பழக இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்து வையுங்கள், படி 6 இல் தேவைப்படும்.

படி 3: நுனியைப் பாருங்கள், அப்புறம் வடிவத்தை

வடிவம் என்றதும் எல்லோரும் முழு பிக்கின் உருவத்தை நினைக்கிறார்கள். கம்பியில் படுவது நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அந்த இடம் கூர்மையாக இருந்தால் ஸ்வரம் துல்லியமாக, பளிச்சென்று வரும், கம்பியை விட்டுச் சட்டென்று விலகவும் முடியும். உருண்டையாக இருந்தால் சத்தம் பருமனாக, மென்மையாக வரும், ஆனால் வேகமான வரிகளில் சற்று மந்தமாகத் தோன்றும்.

நாம் எல்லோரும் முதலில் கையில் எடுக்கும் அந்த வழக்கமான, மூலைகள் உருண்ட முக்கோண வடிவத்துக்கு 351 என்று பெயர். இது டி'ஆண்ட்ரியா என்ற அமெரிக்க நிறுவனம் தன் பட்டியலில் கொடுத்த எண், பின்னாளில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. ஸ்ட்ரம்மிங்கும் லீடும் கலந்து வாசிப்பவர்களுக்கு இதுவே போதும். அதைவிடப் பெரிய, மூன்று பக்கமும் ஏறக்குறைய சமமான முக்கோணம் 346. இதில் மூன்று மூலைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம், பிடிக்கவும் நிறைய இடம் இருக்கும், பேஸ் கிட்டார் வாசிப்பவர்களும், புளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசை வாசிப்பவர்களும் விரும்புவது இதனால்தான். ஜாஸ் த்ரீ இவற்றையெல்லாம்விடச் சிறியது, கூர்மையானது, அதன் நைலான் வகை 1.38 மி.மீ. தடிமன். விரல்கள் கம்பிக்கு மிக அருகில் வந்துவிடுவதால் வீணான அசைவு குறைகிறது, லீட் வாசிப்பவர்கள் அதைக் கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது. அதே சமயம் நீண்ட ஸ்ட்ரம்மிங்கில் கைக்குள் ஒளிந்துகொண்டு நழுவும்.

செலவில்லாத ஒரு சோதனை: உங்களிடம் இருக்கும் 351 ஐத் திருப்பி, நுனிக்குப் பதில் உருண்ட தோள்பட்டையால் வாசித்துப் பாருங்கள். டோன் உடனே தடித்து, பிக் படும் ஓசை அடங்கிவிடும். இந்தச் சத்தம் பிடித்துப்போனால் உங்களுக்குத் தேவை உருண்டை நுனி என்று அர்த்தம், புதிதாக ஒன்றும் வாங்காமலேயே பதில் கிடைத்துவிட்டது.

விளிம்பையும் கவனியுங்கள். தடித்த பிக்கில் விளிம்பைச் சாய்வாகச் சீவியிருப்பார்கள், இதைப் பெவல் என்பார்கள். 2 மி.மீ. பிக்கூட நன்றாகச் சீவி மெருகேற்றப்பட்டிருந்தால் கம்பியில் வழுக்கிக்கொண்டு போகும், சீவாத 1 மி.மீ. பிக் அதைவிட அதிகமாகத் தடுக்கலாம். சில பிக்கில் பெவல் ஒரு பக்கக் கைக்கு மட்டும் பொருந்தும்படி இருக்கும், இடது கைக்காரர்கள் வாங்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 4: பொருளைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு காலத்தில் உயர்ந்த பிக் என்றால் அழுங்காமை ஓடு. 1973 இல் கையெழுத்தாகி 1975 இல் நடைமுறைக்கு வந்த, அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் அந்த ஆமை ஓட்டின் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டது. அது நல்லதுதான், அழிவின் விளிம்பில் இருக்கும் ஓர் உயிரின் ஓட்டில் வாசிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அந்த ஓட்டின் சத்தத்துக்கும் உணர்வுக்கும் மாற்றுத் தேடித்தான் இன்று நாம் பார்க்கும் பொருட்களில் பல வந்தன.

செல்லுலாய்டு 1920களிலேயே வந்துவிட்டது. இதமான, சமநிலையான சத்தம், பழைய ராக் பதிவுகளில் காதுக்குப் பழகிய அந்த ஓசை. சீக்கிரம் தேயும், வியர்த்தால் வழுக்கும், எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் நெருப்புப் பக்கம் வைக்கக் கூடாது. நைலான் நன்றாக வளையும், சத்தம் மென்மையாக இருக்கும், பிடிப்பதற்காக மேலே புடைப்புப் புள்ளிகள் வைத்தே வார்ப்பார்கள். ஒரே தடிமனில் நைலான் மற்றவற்றைவிட வளைவு கூடியது என்பதை மறக்க வேண்டாம். செல்லுலாய்டில் 0.73 பிடித்திருந்தால் நைலானில் 0.88 ஐ முயன்று பாருங்கள்.

டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்வதுதான் 1981 இல் வந்த டார்டெக்ஸ். மேற்பரப்பு மாவு தடவியது போல மங்கலாக, சொரசொரப்பாக இருப்பதால் வியர்வைக் கைக்கு நல்லது. எந்தப் பக்கமும் அதிகம் சாயாத நடுநிலையான டோன், நீண்ட நாள் உழைக்கும். முதல் பிக்காக யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். அல்டெம் என்ற பிளாஸ்டிக் அதைவிட விறைப்பு, தேன் நிறத்தில் கண்ணாடி போல இருக்கும். சத்தம் பிரகாசமானது, அக்கூஸ்டிக் கிட்டாரில் ஒவ்வொரு கம்பியும் பிரிந்து கேட்கும், மிக மெதுவாகத்தான் தேயும். ஏற்கெனவே கணீரென்று ஒலிக்கும் கிட்டாரில் இது காதைக் குத்தவும் கூடும், ஆகவே உங்கள் கிட்டாரின் குணத்தையும் சேர்த்தே யோசியுங்கள். அக்ரிலிக் பிக் பெரும்பாலும் தடித்ததாக வரும், உடல் சூட்டில் விரலோடு ஒட்டிக்கொள்வது போல இருக்கும் என்று அதைப் பிடித்தவர்கள் சொல்வார்கள்.

உலோகம் கூர்மையான, உரசும் ஓசையைத் தரும், கம்பியையும் சீக்கிரம் தேய்க்கும். ஃபெல்ட் எனப்படும் அழுத்திய கம்பளித் துணியில் செய்தவை யூகலேலேவுக்கும், பேஸ் கிட்டாரில் விரலால் மீட்டியது போன்ற மழுங்கிய டோனுக்கும். மரம், கல், எலும்பு போன்றவற்றை ஆர்வத்துக்கு முயன்று பார்க்கலாம், தினசரி வாசிப்புக்கு நான் சொல்லமாட்டேன்.

படி 5: நழுவுகிறதா என்று பாருங்கள்

கை வியர்க்காதவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். வியர்க்கிறவர்களுக்கு, பிக் நழுவும் பயத்தில் விரலை இறுக்குவது, அதனால் மணிக்கட்டு இறுகுவது, அதனால் தாளம் கெடுவது என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும், ஆகவே பிடி ஒரு சின்ன விஷயம் கிடையாது. மங்கலான மேற்பரப்பு, புடைப்புப் புள்ளிகள், நடுவில் ஓட்டை போட்டவை, இவற்றில் ஏதாவது ஒன்று உதவும். கையில் இருக்கும் வழுவழுப்பான பிக்கிலேயே பிடிக்கும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டாலும் போதும், நுனிப் பக்கம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள்

பத்து வகை பிக்கைக் குவித்துவைத்து மாற்றி மாற்றி எடுத்தால் கடைசியில் எதுவுமே நினைவில் நிற்காது. முதல் சுற்றில் தடிமன் மட்டும் மாறட்டும், வடிவமும் பொருளும் ஒன்றாகவே இருக்கட்டும். நான்கு விஷயங்களை ஒவ்வொரு பிக்கிலும் வாசியுங்கள்: நிதானமான ஒரு ஸ்ட்ரம்மிங், அதையே வேகமாக, ஆறு கம்பிகளிலும் ஏறி இறங்கும் ஓர் ஆர்பெஜியோ, மெட்ரோனோம் (தாளக் கணக்குக் கருவி) வைத்து, கீழும் மேலும் மாறி மாறி அடிக்கும் ஆல்டர்நேட் பிக்கிங்கில் ஒரு ஸ்கேல். இவற்றை மெதுவாகத் தொடங்கிப் பலமாக முடிக்கவும் செய்யுங்கள், ஏற்ற இறக்கத்துக்கு எந்தப் பிக் வழிவிடுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

எல்லாவற்றையும் போனில் பதிவு செய்து, பெயரைப் பார்க்காமல் கேட்டுப் பாருங்கள். வாசிக்கும்போது கைக்குச் சுகமாக இருப்பதும் கேட்கும்போது நன்றாக இருப்பதும் பல சமயம் ஒன்றாக இருக்காது. இரண்டும் மோதினால் நான் கையின் பக்கம் நிற்பேன், ஏனென்றால் டோனை ஆம்பில் திருத்தலாம், கம்பியைப் பிரிட்ஜுக்கு (கிட்டார் உடலில் கம்பிகள் வந்து தாங்கும் இடம்) அருகில் அல்லது தள்ளி அடித்துத் திருத்தலாம், இறுகிப்போன கையை அப்படித் திருத்த முடியாது.

தடிமன் முடிவானபின் அதே தடிமனில் நுனியை மாற்றுங்கள், கடைசியாகப் பொருளை. புதிய தடிமனுக்குப் போகும்போது முதல் நாளே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். மெல்லியதிலிருந்து தடித்ததுக்குப் போகிறவருக்கு முதல் சில நாட்கள் எல்லாமே தடுக்கும். ஒரு வாரம் அதிலேயே வாசித்தபின், பழையதை எடுத்து வாசியுங்கள். அப்போது பழையது எப்படி இருக்கிறது என்பதுதான் உண்மையான பதில்.

எங்கிருந்து தொடங்கலாம்?

அக்கூஸ்டிக்கில் பாடிக்கொண்டே ஸ்ட்ரம் செய்பவர்கள் 0.50 முதல் 0.73 வரை, 351, நைலான் அல்லது டெல்ரின். பன்னிரண்டு கம்பி கிட்டாருக்கும் இதே எல்லைதான், தடித்ததைப் போட்டால் இரட்டைக் கம்பிகளில் ஒன்று அமுங்கிவிடும். எலெக்ட்ரிக்கில் ராக் ரிதம் என்றால் 0.73 முதல் 1.0. மெட்டல் ரிதம், வேகமான லீட், இவற்றுக்கு 1.0 இலிருந்து 1.5 வரை, கூர்மையான நுனி. ஜாஸில் பளிச்சென்று இல்லாத, உருண்டையான ஸ்வரம் வேண்டுமென்றால் தடித்த பிக், உருண்ட நுனி. பெயரில் ஜாஸ் என்று இருப்பதாலேயே ஜாஸ் த்ரீ அந்த இசைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டியதில்லை.

புளூகிராஸ் ஃபிளாட்பிக்கிங்கில் (தட்டையான பிக்கால் வாசிக்கும் பாணி) மைக் இல்லாமலும் சத்தம் எட்ட வேண்டும், கம்பிகளும் கனமானவை, ஆகவே 1.0 முதல் 1.5 வரை, பெரிய முக்கோணம், நன்றாகச் சீவிய விளிம்பு. கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் வழிவந்த ஜிப்சி ஜாஸ்காரர்கள் 3 மி.மீ. தாண்டியும் போவார்கள். அந்தப் பாணியில் டவுன்ஸ்ட்ரோக் (கீழ்நோக்கிய அடி) ஒவ்வொன்றும் அடுத்த கம்பியில் போய் நிற்க வேண்டும், அதற்குப் பிக் துளியும் வளையக் கூடாது. பிக்கோடு நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து ஹைப்ரிட் பிக்கிங் செய்கிறவர்களுக்குச் சற்றே சிறிய பிக் வசதி, விரல்களின் வழியில் குறுக்கே நிற்காது. கட்டைவிரலில் மாட்டும் தம்ப்பிக், கிட்டார் கலைஞர்கள் மெர்ல் டிராவிஸ், செட் அட்கின்ஸ் பாணியில் பேஸ் கம்பிகளைத் தனியாக ஓட்டுபவர்களுக்கானது, அளவு கொஞ்சம் பிசகினாலும் விரலை வலிக்கும், மாட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். நைலான் கம்பி கிளாசிக்கல் கிட்டாருக்கு விரலும் நகமும்தான் சரி, கட்டாயம் பிக் வேண்டுமென்றால் மெல்லிய நைலான்.

படி 7: குறை பிக்கில்தானா என்று சரிபாருங்கள்

ஸ்ட்ரம் செய்யும்போது கம்பியில் தட்டித் தடுக்கிறது என்றால் உடனே மெல்லியதுக்கு ஓட வேண்டாம். பிக்கைக் கம்பிக்கு முற்றிலும் இணையாகப் பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள், விளிம்பு வழுக்கிக்கொண்டு போகும். ரொம்பச் சாய்த்தால் முறுக்கிய கனமான கம்பிகளில் உரசும் ஓசை வரும், அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். தனி ஸ்வரங்கள் ஒட்டடை போல மெலிந்து கேட்டால் நுனி அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கலாம், உள்ளே இழுத்துப் பிடியுங்கள். பிக் விரலுக்குள் சுழன்றுகொண்டே இருந்தால், கம்பிக்குள் அது மிக ஆழமாக இறங்குகிறதா என்று பாருங்கள், நுனி மட்டும் பட்டால் போதும். கம்பி எப்போதும் பிரிட்ஜ் பக்கத்திலேயே அறுகிறதென்றால் பிக்கைக் குறை சொல்வதற்கு முன் அந்த இடத்தில் ஏதாவது கூர்மை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால், அப்போது பிக்கை மாற்றுங்கள்.

படி 8: தேய்ந்ததை அடையாளம் காணுங்கள்

தேய்மானம் மெதுவாக வருவதால் கைக்குத் தெரிவதில்லை. புதியது ஒன்றைத் தனியே எடுத்துவைத்து, அவ்வப்போது பயன்பாட்டில் இருப்பதை அதன் மேல் பொருத்திப் பாருங்கள். நுனி ஒரு பக்கமாகச் சரிந்து மழுங்கியிருந்தால் நீங்கள் எந்தச் சாய்வில் அடிக்கிறீர்கள் என்பதையும் அது காட்டும். விளிம்பை விரல் நகத்தால் வருடினால் சின்னச் சின்னப் பள்ளங்கள் தட்டுப்படுகின்றனவா? அவைதான் கம்பியில் கீச்சென்று உரசும். நகம் தேய்க்கும் அரத்தாலோ மிக நைசான உப்புத்தாளாலோ சமன்செய்து, ஒரு முரட்டுத் துணியில் வேகமாகத் தேய்த்து மெருகேற்றினால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். 0.60 போன்ற மெல்லியவற்றில் இந்த வேலை பலன் தராது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது எடுங்கள். முடிவு செய்த பிக் கிடைத்துவிட்டால் ஒன்று மட்டும் வாங்காமல் ஒரே தடிமனில் பத்துப் பன்னிரண்டாக வாங்கி, கிட்டார் பையில் இரண்டு, வாசிக்கும் இடத்தில் இரண்டு என்று பிரித்து வையுங்கள். பிக் தேய்வதைவிடத் தொலைவதுதான் அதிகம்.